மேல் மெட்டு

மட்டமான வாத்தியம்னு ஒரு வார்த்தை சொல்லிடு தம்பி, எனக்கு அது போதும். வாய்விட்டுக் கேக்க முடியாது. மாண்டலினுக்கு விலை கேட்டு வந்தவன் இது மட்டம்னு சொல்லுங்கன்னு கெஞ்சினா கிறுக்குப் பிடிச்ச ஆளுன்னு நெனச்சுருவான். அதனால மூஞ்சியைக் கல்லு மாதிரி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். பக்கத்து ஸ்டூல்ல சௌந்தரம், மடியில தண்ணி பாட்டில், கல்யாண வீட்டுக்குக் கட்டுற மயில்கழுத்துப் பட்டு. எதுக்கு இந்தப் பட்டுன்னு கெளம்பும்போதே கேட்டேன். நாம மதிப்பா போனாத்தான் மதிப்பா விலை சொல்லுவாங்கன்னா. அவ பேச்சுக்குப் பதில் எப்பவும் எனக்குத் தெருமுனை தாண்டினப்புறம்தான் தோணும். கடைக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணா ஆர்மோனியம், ஏதோ பள்ளிக்கூடத்துக்கு ஆர்டர் ஆன பேண்டு ட்ரம்முங்க, வார்னிஷ் வாடை மூக்கை அரிக்குது. கடைக்காரன் அமல்தாஸுக்கு நாப்பது வயசு இருந்தா அதிகம். கண்ணாடியை நெத்திக்கு ஏத்திவிட்டுக்கிட்டு என் மாண்டலினைக் குப்புறப் போட்டு முதுகுல தட்டுறான். டொக். கொஞ்சம் தள்ளி, டொக். கிர்ணிப்பழம் மாதிரி வரி வரியா உப்பின முதுகு அதுக்கு. அவன் தட்டுறது அதைத்தான், ஆனா எனக்கு இங்க நெஞ்சுக்கூட்டுல கேக்குது. எல்லாம் மக பண்ணின வேலை. நாங்க வீட்டைக் காலி பண்ணிக்கிட்டு அவகூட பெங்களூர்ல போய் இருக்கப்போறோம், அம்மி வேணாம், பித்தளை அண்டா வேணாம்னு ஒவ்வொண்ணா கழிச்சுக்கட்டிக்கிட்டு வந்தவ, பரண்ல இருந்து இறங்கின மாண்டலினைப் பாத்துட்டு, அப்பா, பழைய வெளிநாட்டு மாண்டலின்னா பெரிய விலைக்குப் போகுதாம், தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்கன்னு போன்ல சொல்லிட்டா. சௌந்தரம் அதைப் பிடிச்சுக்கிட்டா. எனக்கு விலை பெருசில்ல. இது மட்டம்னு வந்தா நான் நல்ல வாத்தியக்காரன். இது நல்லதுன்னு வந்தா நான் மட்டம். கல்யாணம் ஆன வருஷத்துல இருந்து இந்த ஒண்ணைத்தான் உள்ளுக்குள்ள போட்டு உருட்டிக்கிட்டு இருக்கேன். இன்னிக்கு மதியத்துக்குள்ள தெரிஞ்சுரும்.

உள்ள கண்ணாடி விட்டுப் பாக்கறான் இப்போ. பல் டாக்டர் வச்சிருக்கிற மாதிரி காம்பு வச்ச குட்டிக் கண்ணாடி, கூட ஒரு டார்ச்சு. "லேபிள் பாதியைப் பூச்சி தின்னுருச்சு சார். நேப்பிள்ஸ்னு ஊர் பேரு மட்டும் தெரியுது. செஞ்சவன் பேரு போச்சு. இது எப்படி உங்க கைக்கு வந்துச்சு?" பொன்மலையில வாங்கினேன், ஒரு ஆங்கிலோ இந்தியன் வீட்டுலன்னு சொன்னேன். அதுக்கு மேல சொல்ல வாய் வரல. மிஸஸ் ஓலிவர். அவங்க வீட்டுக்காரர் ரயில் எஞ்சின் டிரைவர், செத்துப்போயிட்டார். பிள்ளைங்ககூட ஆஸ்திரேலியாவுக்குப் போறேன்னு வீட்டுச் சாமானை எல்லாம் முற்றத்துல பரப்பி வச்சிருந்தாங்க. நான் சைக்கிளுக்கு ஒரு டைனமோ கிடைக்குமான்னு பாக்கப் போனவன். ஒரு நாற்காலியில இது சாஞ்சு உக்காந்திருந்துச்சு, ஆளு உக்காந்திருக்கிற மாதிரியே. எடுத்து ஒரு தந்தியைத் தட்டினேன். அந்த ஒரு தட்டுல போச்சு என் பொழப்பு. அந்தம்மா வாசிக்கிறது எப்படின்னு பத்து நாள் சொல்லிக்குடுத்தாங்க, கப்பல் ஏறுறதுக்கு முந்தி. தந்தி மாத்துறப்ப ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும் மேன், எல்லாத்தையும் சேத்துக் கழட்டிடாதேன்னாங்க. ஏன்னு நான் கேக்கல, அவங்களும் சொல்லல. வேதவாக்கா வச்சுக்கிட்டேன். ஒண்ணைக் கழட்டி ஒண்ணை மாட்டுவேன், அப்புறம் அடுத்தது. எங்க அப்பாவுக்கு இது ஆகல. அவர் கறுப்புச் சட்டைக்காரர், கட்சிக் கூட்டத்துக்கு மைக் செட் கட்டப் போறவர், பாட்டுன்னா மேடையில பாடுற கொள்கைப் பாட்டுதான். செங்குட்டுவன்னு பேரு வச்சேன், இவன் டொய்ங் டொய்ங்னு உக்காந்திருக்கான்னு வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லுவார். ஆனா ராத்திரி நான் வாசிக்கிறப்ப ரேடியோவை நிறுத்திடுவார், அதையும் சொல்லணும். மூணே வருஷத்துல திருச்சியில மெல்லிசைக் கச்சேரின்னா மாண்டலின் குட்டுவன் வந்தாச்சான்னு கேப்பாங்க. மேல் மெட்டுல எல்லாம் சும்மா புகுந்து விளையாடுவேன். மெட்டுன்னா கழுத்துல குறுக்கால பதிச்சிருக்கிற கம்பிங்க, மேல போகப் போக இடைவெளி சுருங்கிக்கிட்டே வரும், விரல் நுனி வைக்க இடம் இருக்காது. அங்கதான் பாதிப் பேருக்கு வேர்க்கும். எனக்கு அங்க போனாத்தான் மூச்சே வரும். இதை நான் தற்பெருமைக்குச் சொல்லல, அப்படித்தான் இருந்துச்சு. இருந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேனா, நெசமாவே இருந்துச்சா, அதுதான் இப்ப கேள்வி.

"கொஞ்சம் தண்ணி குடிங்க"ன்னு சௌந்தரம் பாட்டிலை நீட்டுறா. வேணாம்னு தலையாட்டினேன். என் மூஞ்சியைப் பாத்தே தொண்டை காஞ்சிருக்கிறது அவளுக்குத் தெரியும். புதுக்கோட்டைக்காரி. அவங்க அப்பா அச்சாபீஸ் வச்சிருந்தார், கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ். கல்யாணமாகி வந்த வருஷம் ஆயுத பூஜை வந்தப்ப எங்க வீட்டுல பூஜையே கிடையாதுன்னு கேட்டு ஆடிப்போயிட்டா. ஆயுதம்னு ஒண்ணு இருந்தா பூஜை பண்ணாம எப்படிங்கன்னு கேட்டா. அச்சாபீஸ்ல முதல் நாளே மிஷினைத் தனித்தனியா கழட்டி, மண்ணெண்ணெய்ல கழுவி, ஒவ்வொரு எழுத்தையும் தொடச்சு, மறுபடி பூட்டி, அப்புறம்தான் பொட்டு வைப்பாங்களாம். கழட்டாம தொடச்சா அது பூஜையில சேத்தி இல்லையாம். அப்பா நாத்திகர்னாலும் மருமக முகம் வாடுறது பொறுக்காது அவருக்கு. நீ உன் புருஷன் பெட்டிக்கு எதையாவது பூசிக்கோம்மா, என் மைக் செட்டைத் தொடாதேன்னுட்டு வெளிய போயிட்டார். நானும் சரின்னுட்டேன். புதுப் பொண்டாட்டி கேட்டு எவன் மாட்டேன்னு சொல்லுவான். தந்தியை எல்லாம் தளர்த்திவிட்டேன், ஒரு நாளாவது அதுக்கு ஓய்வு கிடைக்கட்டும்னு. அவ தொடச்சா, சந்தனம் குங்குமம் வச்சா, பொரி கடலை வச்சா. மறுநாள் விஜயதசமி அன்னிக்கு எடுத்து சுருதி கூட்டினேன். அதுல இருந்து அஞ்சாறு நாள் கழிச்சு மெட்ராஸ்ல இருந்து ஆள் வந்துச்சு. சினிமா ரெக்கார்டிங். பாட்டுல ரெண்டு சரணத்துக்கு நடுவுல மாண்டலினுக்கு மட்டும் ஒரு இடம், எல்லாம் மேல் மெட்டு, அதுக்கு ஆள் வேணும். வயலின் வாசிக்கிற தேவசகாயம்தான் என் பேரைச் சொல்லியிருந்தான். சௌந்தரம் சாமி படத்துக்கு முன்னாடி நின்னு அழுதா. பாத்தீங்களா, பூஜை பண்ணினதும் கூப்பிட்டாச்சுன்னா.

மெட்ராஸ் கெளம்புறதுக்கு முந்தியே மேல் மெட்டு ஒரு மாதிரி பேசிக்கிட்டு இருந்துச்சு. ஐப்பசி மழை, மரம் ஊறியிருக்கும், அங்க போனா சரியாயிரும்னு நெனச்சேன். அங்க முப்பது பேர் உக்காந்திருக்காங்க, வயலின் வரிசை, சாக்ஸ், தபலா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மியூசிக் டைரக்டர். என் இடம் வந்துச்சு. வாசிச்சேன். "மாண்டலின், சுருதி"ன்னு ஸ்பீக்கர்ல குரல். வெறும் தந்தியைத் தட்டிப் பாத்தேன், சுத்தமா நிக்குது. மறுபடி. "மாண்டலின்"னு மட்டும் சொன்னார் இந்த வாட்டி. மறுபடி சுருதி பாத்தேன், கழுத்துல வேர்வை இறங்குது, கீழ எல்லாம் சரியா இருக்கு, மேல போகப் போக சுரம் ஏறி ஏறிப் பேசுது, என் விரல்தான் தப்பா போகுதா, காதுதான் போயிருச்சா, நேத்து வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு வாசிச்ச இடம். மூணாவது தடவை அவரே கண்ணாடிக் கதவைத் திறந்துக்கிட்டு வந்தார். திட்டுவார்னு நெனச்சேன். திட்டியிருக்கலாம். தோள்ல கை வச்சு, "தம்பி, நீங்க கொஞ்ச நேரம் வெளியில இருங்க"ன்னார். வராந்தாவுல உக்காந்திருந்தேன். யாரோ டீ கொண்டுவந்து குடுத்தாங்க. என் இடத்தைப் புல்லாங்குழல்ல வாசிக்கிறது கதவு வழியா கேட்டுச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. பெட்டியை மூடிக்கிட்டு யார்கிட்டயும் சொல்லிக்காம பஸ் ஏறிட்டேன். அப்பா ஒரே ஒரு தடவை சொன்னார், சாமி கும்பிட்டியே, நல்லா குடுத்துச்சு பாருன்னு. சௌந்தரம் அடுக்களையில இருந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தா.

இப்ப மொட்டை வெயில் நேரத்துல இந்தக் கடையில உக்காந்துக்கிட்டு அந்த வராந்தா டீயோட சூடு கையில தெரியுது, இது என்ன கொடுமை. அதுக்கப்புறம் கூட்டுறவு சொசைட்டியில எழுத்தர் வேலை. ஞாயித்துக்கிழமை கச்சேரிக்குப் போவேன், ஆனா மேல் மெட்டுக்கு ஏறவே மாட்டேன், கீழயே சுத்திக்கிட்டு வந்துருவேன். குழுவுல பசங்க மாடிப்படி ஏறாத குட்டுவன்னு கிண்டல் பண்ணுவானுங்க. நானும் சேந்து சிரிப்பேன். வேற ஒரு மாண்டலினை வாங்கி, அதுல மேல போய்ப் பாத்திருந்தா ஒரு நிமிஷத்துல விஷயம் தெரிஞ்சிருக்கும். நாட்டுல மாண்டலினுக்கா பஞ்சம். தஞ்சாவூர்ல ஒரு கச்சேரியில பக்கத்துலயே ஒருத்தன் புது மாண்டலினை வச்சுட்டு டிபன் சாப்பிடப் போனான். என் கைக்கு எட்டுற தூரம். அதுலயும் தப்பா வந்துச்சுன்னா? அப்புறம் நான் யார்கிட்ட போய் நிப்பேன்? இதைக் கொண்டுபோய் ரிப்பேர் கடையில காட்டவும் அதே பயம். தெரியாம இருக்கிற வரைக்கும் எதுவும் முடிவாகல, வாத்தியம் மட்டமா இருக்கலாம், நான் நல்ல வாத்தியக்காரனாவும் இருக்கலாம். அந்தச் சந்துலயே குடித்தனம் நடத்திட்டேன். சௌந்தரத்துக்கு மட்டும் எந்தச் சந்தேகமும் கிடையாது. எந்தக் கல்யாணத்துலயாவது எவளாவது, உங்க வீட்டுக்காரர் சினிமாவுல வாசிக்கப் போனாரேன்னு இழுத்தா போதும், அவருக்குக் கை தங்கம் அக்கா, வாத்தியம்தான் துரோகம் பண்ணிருச்சுன்னு ஆரம்பிச்சுருவா. எனக்குக் கோவம் கோவமா வரும். வாயை மூடுடின்னு ஒரு தடவை பந்தியிலயே கத்தியிருக்கேன். அவ மூடல. இத்தனை வருஷத்துல இந்த ஊர்ல எனக்காகப் பேசின ஒரே ஆள் அவதான், அதுவும் எனக்குப் பிடிக்காம இருந்துச்சு.

"சார்"ங்கறான் அமல்தாஸ். நிமிந்து உக்காந்துட்டேன். "நல்ல கை செஞ்ச வாத்தியம் சார் இது. முதுகுல பாருங்க, ஒவ்வொரு பட்டையும் ஈட்டி மரம், ஒட்டு எங்கயும் விடல. மட்டமான வேலையா இருந்தா பட்டை அகலமா நாலே நாலு போட்டு ஒப்பேத்தியிருப்பான். தந்தியை முறுக்குற ஆணியில பூ வேலைப்பாடு பாருங்க. கழுத்து நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு. மெட்டு எல்லாம் அளவு சுத்தம். இந்த மாதிரி ஒண்ணு என் கடைக்கு வந்ததே இல்ல." சௌந்தரம் என் பக்கம் திரும்பிச் சிரிக்கிறா, விலை கூடுதுன்னு சந்தோஷம் அவளுக்கு. எனக்குக் காது அடைக்குது. ஆச்சு. முடிஞ்சுருச்சு. நல்ல வாத்தியம், கழுத்து நேர், மெட்டு சுத்தம். அப்ப நான். நான்தான். முப்பது பேருக்கு முன்னாடி தப்பா போனது இந்த விரல்தான், அந்த மனுஷன் சரியாத்தான் வெளியில உக்காரச் சொன்னார், தேவசகாயம் என்னை நம்பி பேரு குடுத்துட்டு அப்புறம் என் மூஞ்சியிலயே முழிக்காததும் சரிதான். சரி, அதனால என்ன இப்ப? எழுபது வயசுல தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? சோறு தின்னாம விட்டேனா, பொண்ணைக் கட்டிக்குடுக்காம விட்டேனா? இப்படி எல்லாம் சொல்லிப் பாக்கறேன், ஒண்ணும் உள்ள இறங்க மாட்டேங்குது. அழுகை வருது. பட்டுப் புடவையும் அதுவுமா இவ பக்கத்துல உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருக்கிறப்ப நான் அழுதா நல்லா இருக்காது. ஆர்மோனியங்க மேல கண்ணை வச்சுக்கிட்டேன். எவ்வளவுக்கு எடுத்துப்பீங்கன்னு கேட்டுட்டு எழுந்து போயிரலாம்.

அமல்தாஸ் காலண்டர்ல இருந்து கிழிச்ச நீளக் காகிதத் துண்டு ஒண்ணைக் கழுத்து உச்சியில வச்சு, நடு மெட்டு வரைக்கும் அளந்து மடிக்கிறான். அப்புறம் அதே துண்டை நடு மெட்டுல இருந்து இந்தப் பக்கம் திருப்பி வைக்கிறான், குதிரை வரைக்கும். தந்தியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற சின்ன மரக்கட்டை, அதுக்குத்தான் குதிரைன்னு பேரு. துண்டு குதிரையைத் தாண்டி வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது, நகக்கண்ணு அளவு. மறுபடி அளந்தான். நெத்தியில இருந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கிருச்சு. குதிரையை விரலால தள்ளிப் பாத்தான், அசையல. "இதை யாரு சார் ஒட்டினது?" எதைன்னேன். "குதிரையை. மாண்டலினுக்குக் குதிரையை ஒட்டவே கூடாது சார். அது சும்மாதான் நிக்கும், தந்தி அழுத்துற அழுத்தத்துலதான் நிக்கும். இந்த ரெண்டு தூரமும் சரிசமமா இருக்கணும். இது கழுத்துப் பக்கமா தள்ளி ஒட்டியிருக்கு. கீழ வாசிச்சா ஒண்ணும் தெரியாது. மேல போகப் போக சுரம் ஏறிக்கிட்டே போகும். எந்தக் கொம்பன் வாசிச்சாலும் மேல் மெட்டு சேராது." என்ன சொல்றான் இவன். ஒரு தடவை சொன்னது பத்தாது எனக்கு. எந்தக் கொம்பன் வாசிச்சாலும். மறுபடி சொல்லு. ஒட்டினது மிஸஸ் ஓலிவரா? இல்ல, அதுக்கப்புறம் மூணு வருஷம் நான் மேல் மெட்டுல விளையாடிக்கிட்டு இருந்தேனே. அப்ப விளையாடினது நெசம்தான். நெசம். அப்ப யாரு? அவன் கத்தி முனையால ஓரத்தைச் சுரண்டிக் காகிதத்துல தட்டுறான். "வெள்ளைப் பசை. ஆனா மஞ்சளா என்னமோ கலந்திருக்கே." மோந்து பாத்தான். "சந்தனம் சார்."

நான் சௌந்தரத்தைப் பாக்கல. பாக்காமலே தெரியுது, பக்கத்து ஸ்டூல்ல மூச்சு நின்னுருச்சு. எங்க வீட்டுல சந்தனம் வாத்தியத்து மேல பட்டது அந்த ஒரு ஆயுத பூஜைக்குத்தான். அதுக்கப்புறம் அவ பூஜைன்னு வாயே திறக்கல, நானும் கேக்கல, அப்பா சொன்ன சொல்லுதான் காரணம்னு நெனச்சுக்கிட்டேன். தண்ணி பாட்டில் தரையில விழுந்து உருளுது. "நான்தான் தம்பி"ங்கறா. குரல் அவ குரல் மாதிரியே இல்ல. "கழட்டித்தானே தொடைக்கணும்னு பாத்தேன், கழட்டத் தெரியல, துணியை அடியில விட்டு இழுத்தேன், அந்தக் கட்டை கையோட வந்துருச்சு. ஒடச்சுட்டேன்னு நெனச்சேன். கல்யாணமாகி ரெண்டு மாசம், இவருக்கு அதுன்னா உசிரு, நான் என்ன பண்ணுவேன். பக்கத்து வீட்டுத் தச்சர்கிட்ட கொஞ்சம் பசை வாங்கி ஒட்டிட்டேன். எங்க இருந்துச்சுன்னு பாக்கறதுக்குத் தூசித் தடம் இருந்திருக்கும், அதையும் நானே தொடச்சுட்டேனே. குத்துமதிப்பா வச்சேன். பசை பிதுங்கினது தெரியாம இருக்கச் சந்தனத்தை வச்சு அப்பினேன்." அவளே கேக்கறா, அவனைப் பாத்து, என்னைப் பாக்காம. "அப்ப அன்னிக்கு இவரை வெளிய அனுப்பினது நான்தானா? நான்தான் கெடுத்தேனா?"

கோவம் வருதுன்னா வருது, எங்க இருந்து வருதுன்னே தெரியல, காலுல இருந்து ஏறுது. நாப்பது வருஷம். சொசைட்டி நாற்காலி, மாடிப்படி ஏறாத குட்டுவன், வராந்தா டீ. ஒரு வார்த்தை, கை பட்டு வந்துருச்சுங்கன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா. இத்தனை வருஷமும் ஊரெல்லாம் வாத்தியம் துரோகம் பண்ணிருச்சுன்னாளே, அப்பவாவது ஒட்டினது ஞாபகம் வந்திருக்காதா? வந்திருக்காது. குதிரைக்கும் சுருதிக்கும் சம்பந்தம் இருக்குன்னு எனக்கே தெரியாது, மாண்டலின் குட்டுவனுக்கே தெரியாது, அச்சாபீஸ்காரர் மகளுக்கு எங்க தெரியும். எல்லாத் தந்தியையும் சேத்துக் கழட்டாதேன்ன மிஸஸ் ஓலிவர் ஏன்னு சொல்லல, நான் ஏன்னு கேக்கல, பூஜைக்கு எல்லாத்தையும் தளர்த்தினதும் நான்தான், அடிக்கிறதுன்னா யாரை அடிக்கிறது. அதோட இன்னொண்ணும் உள்ள நடக்குது, சொல்ல வெக்கமா இருக்கு, சந்தோஷமா இருக்கு. நான் இல்ல. நான் இல்லவே இல்ல. அமல்தாஸ் வெந்நீர்ல தகட்டுக் கத்தியை நனைச்சு நனைச்சு குதிரைக்கு அடியில விடறான், நான் பாத்துக்கிட்டே இருக்கேன், சௌந்தரம் முந்தானையை வாயில வச்சுக்கிட்டு இருக்கா. பட்டு முந்தானை நனையுது. பட்டுன்னு சத்தம் கூட இல்லாம அது விட்டுருச்சு. அடியில இருந்த மரத்தைத் தொடச்சான். புதுத் தந்தி மாட்டினான், குதிரையை நிறுத்தினான், காகிதத்துண்டை வச்சுப் பாத்தான், விரல் நுனியால ஒரு மயிரிழை தள்ளினான், சுருதி கூட்டினான். அப்புறம் என்கிட்ட நீட்டினான். "வாசிங்க சார். மேல போய் வாசிங்க, தெரிஞ்சுரும்." "வாசிங்க"ன்னா சௌந்தரமும். இப்பத்தான் என்னைப் பாக்கறா. "அந்த இடத்தையே வாசிங்க. தெரியட்டும்."

கையில வாங்கிக்கிட்டேன். அதே கனம். நான் தெரிஞ்சுக்கணும்னு கெடந்தது இதைத்தான், அவளுக்கும் இப்ப இதுதான் தெரியணும். நான் சரியா வாசிச்சா அவதான் கெடுத்தான்னு ஆயிரும். இனிமே எந்தக் கல்யாணத்துலயும் அவளால வாயைத் திறக்க முடியாது, பெங்களூர்ல மக வீட்டுப் பத்தாவது மாடியில காத்தால எழுந்திரிச்சா இதுதான் அவ நெஞ்சுல உக்காந்திருக்கும், எனக்கு இருந்த மாதிரியே. அது எப்படி இருக்கும்னு எனக்கு நல்லா தெரியும். விரலைக் கொண்டுபோய் உச்சி மெட்டுக்குப் பக்கத்துல வச்சேன். வச்சு எத்தனை காலம். முதல் சுரத்தைத் தட்டினேன். சுத்தமா விழுந்துச்சு. அப்படியே நேரா, எங்கயும் இடிக்காம, நான் நெனச்ச இடத்துல நெனச்ச மாதிரி. ரெண்டாவது சுரமும் விரலுக்கு அடியில தயாரா இருக்கு, அதுக்கு அடுத்ததும், எல்லாம் வரிசையா, எதுவும் எங்கயும் போகல. போதும்டா குட்டுவான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ரெண்டாவது சுரத்துல தந்தியை அழுத்தினப்ப விரலை ஓரமா ஒரு நூல் இழுத்தேன். சுரம் ஏறிப் பேசுச்சு. மூணாவதுல இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அன்னிக்கு அந்தக் கண்ணாடி ரூம்ல கேட்ட அதே தப்பு, அச்சு அசலா. முழு இடத்தையும் அப்படியே வாசிச்சு முடிச்சேன். தப்பா வாசிக்கிறதுக்கும் கை சுத்தமா இருக்கணும், அது வேற விஷயம்.

அமல்தாஸ் என் விரலைப் பாத்தான். மூஞ்சியைப் பாத்தான். அப்புறம் சௌந்தரத்தைப் பாத்துட்டு, மேசை மேல கெடந்த பழைய தந்தியை எல்லாம் கூட்டி அள்ளிக்கிட்டே, "குதிரை இப்ப சரியாத்தான் நிக்குதும்மா"ன்னான். "அப்ப?"ன்னா அவ. "கைதான் சௌந்தரம்"னேன். "அன்னிக்கும் கைதான். நீ ஒட்டினதுல ஒண்ணும் இல்ல." அவ என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. நம்பினாளா இல்லையான்னு எனக்குத் தெரியல. அப்புறம் குனிஞ்சு பாட்டிலை எடுத்து, முந்தானையால முகத்தைத் தொடச்சுக்கிட்டு, மூக்கை உறிஞ்சிக்கிட்டு அமல்தாஸ் பக்கம் திரும்பினா.

"வயசாயிருச்சு தம்பி இவருக்கு. அந்தக் காலத்துல இவர் வாசிச்சு நீங்க கேட்டிருக்கணும்."